தொழில்நுட்ப வேலையில் பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவா? காவிரி டெல்டாவிலிருந்து ஒரு விளக்கம்

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்ததும் செய்தித்தாள்களில் ஒரே தலைப்புதான்: மாணவிகளே அதிகம் தேர்ச்சி. 2024-இல் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். அதே செய்தித்தாளில் இன்னொரு நாள் வேறொரு செய்தி வரும். பதின்ம வயதுப் பெண்களுக்குத் தொழில்நுட்ப வேலைகளில் ஆர்வம் குறைவு, பையன்களுக்குத்தான் அதிகம் என்று ஓர் உலக ஆய்வு சொல்கிறது என்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்த பெற்றோருக்கு இது குழப்பமாக இருக்கும். அவர்கள் பார்த்த கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. வகுப்புகளில் பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் எது சரி? இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், "அதுகளுக்கே ஆர்வமில்லை, நாம என்ன பண்றது" என்ற முடிவுக்குப் பள்ளியும் வீடும் சுலபமாக வந்துவிடும். அந்த முடிவால் டெல்டா மாவட்டங்களில் நிறையப் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள். அதனால் அடிப்படையிலிருந்தே ஆரம்பிப்போம்.

## "ஆர்வம்" என்று எதை எண்ணுகிறார்கள்?

இந்தச் செய்திகளில் நான்கு வேறு அளவுகள் கலந்து கிடக்கின்றன.

1. விருப்பம். "கம்ப்யூட்டர் பாடம் உனக்குப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு வரும் பதில்.
2. எதிர்பார்ப்பு. "முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று நினைக்கிறாய்?" என்ற கேள்விக்கு வரும் பதில்.
3. சேர்க்கை. உண்மையில் எந்தப் படிப்பில் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கு.
4. நிலைப்பது. படித்த பிறகு அந்த வேலைக்குப் போனார்களா, பத்து ஆண்டு கழித்தும் அதில் இருக்கிறார்களா என்பது.

உலகச் செய்திகளில் "ஆர்வம்" என்று எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டாவது அளவு. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா என்ற தேர்வோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கேட்கிறது. 2018 சுற்றில் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரிப்படி, தகவல் தொழில்நுட்ப வேலையில் இருப்போம் என்று சொன்ன மாணவர்கள் 8 சதவீதம், மாணவிகள் 1 சதவீதம். கணக்கிலும் அறிவியலிலும் முன்னணியில் இருப்பவர்களை மட்டும் எடுத்தாலும் இடைவெளி தீரவில்லை. அவர்களில் பையன்கள் நான்கு பேரில் ஒருவர் பொறியாளராகவோ அறிவியலாளராகவோ ஆவோம் என்கிறார். பெண்களில் ஆறு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, 2018 சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவில்லை என்பது. முன்பு ஒருமுறை, 2009 சுற்றின் நீட்டிப்பில், தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கெடுத்தன; அதோடு சரி. ஆகவே அந்த எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு திருவாரூர்ப் பிள்ளைகளைக் கேட்டு எழுதியது இல்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கேட்டதை எடுத்து இங்கே ஒட்டிப் பேசும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

## நம் பக்கத்து எண்கள் வேறு கதை சொல்கின்றன

அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, நாட்டில் அறிவியல் பாடங்கள் படிப்பவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் 29.8 லட்சம் பேர் பெண்கள், அதாவது பாதிக்கு மேல். பொறியியலுக்கு வந்தால் பத்தில் மூன்று பேர்தான் பெண்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அந்த 47-இலும் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை.

பொறியியலில் பத்துக்கு மூன்று என்பதையும் உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., இ.சி.இ. (மின்னணுவும் தகவல் தொடர்பும்) பிரிவுகளில் பெண்கள் நிறைய. மெக்கானிக்கல் வகுப்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்திய ஐ.டி. நிறுவனங்களின் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் பெண்கள்.

இப்போது அமெரிக்காவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984-இல் 37 சதவீதம். அதற்குப் பிறகு சரிந்து, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மலேசியாவிலோ கம்ப்யூட்டர் படிப்புகளில் பெண்கள் பாதி, சில இடங்களில் பாதிக்கு மேல். ஒரே வேலை. ஒரு நாட்டில் அது ஆண்பிள்ளை வேலை, இன்னொரு நாட்டில் பெண்பிள்ளை வேலை. ஒரே நாட்டிலேயே முப்பது ஆண்டுக்குள் நிலைமை மாறியும் போகிறது. பிறவியிலேயே வரும் ஆர்வம் என்றால் இவ்வளவு ஆட்டம் இருக்காது.

## கம்ப்யூட்டர் எப்படிப் "பொண்ணுக்கு ஏத்த படிப்பு" ஆனது?

இந்தியப் பெண்கள் கம்ப்யூட்டர் படிப்பை ஏன் எடுக்கிறார்கள் என்று ரோலி வர்மா என்ற ஆய்வாளர் இங்கேயும் அமெரிக்காவிலும் மாணவிகளிடம் பேசி எழுதியிருக்கிறார். இங்கே கிடைத்த பதில்கள் நமக்குப் பழக்கமானவை. நல்ல சம்பளம். உள்ளே உட்கார்ந்து பார்க்கும் வேலை. பாதுகாப்பான இடம். உடல் வலுவை நம்பாமல் மூளையை நம்பிய வேலை. வீட்டில் மரியாதை.

டெல்டாவில் ஒரு நடுத்தரக் குடும்பம் போடும் கணக்கும் இதுதான். சிவில் என்றால் வெயிலில் சைட்டுக்குப் போகணும். மெக்கானிக்கல் என்றால் ஷாப் ஃப்ளோரில் நிற்கணும், ஷிப்ட் பார்க்கணும். கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. ரூம். வேலைக்கு அனுப்ப மனசு வராவிட்டாலும் பக்கத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்துகொள்ளலாம். சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி.யில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு என்ன படிச்சிருக்கு" என்று கேட்டால் சொல்வதற்கும் இந்தப் படிப்பு உதவும்.

இந்தக் கணக்கை நான் குறை சொல்ல வரவில்லை. சொத்தும் துணையும் குறைந்த குடும்பங்கள் தங்கள் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பான வழியைத் தேடியதன் விளைவு இது. இதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு பதினாறு வயதுப் பெண் "எனக்குக் கம்ப்யூட்டரில் ஆர்வம்" என்று சொன்னாலும் சரி, "மெக்கானிக்கலில் ஆர்வமில்லை" என்று சொன்னாலும் சரி, இரண்டு பதிலும் வீடு அனுமதித்த வட்டத்துக்குள் இருந்துதான் வருகின்றன. ஆய்வாளர் குறித்துக்கொள்ளும் "ஆர்வம்" என்பதில் பாதி அந்தப் பிள்ளையின் மனது, மீதி அந்த வீட்டின் அனுமதி. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க ஒரு கேள்வித்தாளால் முடியாது.

அந்த வட்டத்தை அகலப்படுத்த டெல்டாவிலேயே ஒரு பழைய முயற்சி உண்டு. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1988-இல் பெண்களுக்கென்றே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது, பெரியார் மணியம்மை பெயரில். பின்னாளில் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி ஆண்களும் படிக்கும் இடமாயிற்று. அந்தக் காலத்தில் பொறியியல் என்றாலே பையன்களின் படிப்பு என்று இருந்த ஊர்களில், "பெண்கள் மட்டும்" என்ற ஒரு வரி எத்தனை அப்பாக்களின் தயக்கத்தைக் குறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கு ஆர்வம் 1988-இல் திடீரென்று முளைக்கவில்லை.

## வயலில் பார்ப்பது

பிள்ளைகள் வேலைகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது கண்ணால் பார்த்துத்தான். டெல்டாவில் அவர்கள் பார்க்கும் இயந்திரங்கள் எங்கே இருக்கின்றன? வயலில்.

நடவு என்பது காலங்காலமாகப் பெண்கள் வேலை. நாற்றுக்கட்டைப் பிரித்து, வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஆள் கிடைக்காமலும் கூலி கட்டுப்படியாகாமலும் நடவு மெஷின் வந்தது. மெஷின் வந்த வயலில் அதை ஓட்டுபவர் ஆண். பாய் நாற்றங்காலைச் சுருட்டிக்கொண்டு வந்து மெஷின் தட்டில் வைக்க வரப்பில் நிற்பது பெண்கள். அறுவடையிலும் இதே கதை. அரிவாளோடு இறங்கிய பெண்கள் இருந்த இடத்தில் இப்போது அறுவடை இயந்திரம். ஓட்டுநர், உதவியாள், மெக்கானிக் எல்லாரும் ஆண்கள். வேலை அதேதான். கருவி வந்ததும் கை மாறிவிட்டது.

ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குறுவைக்கும் சம்பாவுக்கும் இதையே பார்த்து வளர்கிறாள். "இயந்திரம் என்றால் அண்ணன்களுடையது" என்று அவளிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. வகுப்பறை எப்படி இருக்கிறது என்பதே ஆர்வத்தை மாற்றுகிறது என்று 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் காட்டியது. உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு இரண்டு கம்ப்யூட்டர் வகுப்பறைகளின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் கணினி உதிரி பாகங்கள், விண்வெளிக் கதைப் போஸ்டர்கள்; மற்றதில் செடிகள், இயற்கைக் காட்சிகள். இரண்டாவது அறையைப் பார்த்தபோது அந்தப் பாடத்தில் சேர விருப்பம் சொன்ன மாணவிகள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பையன்களிடம் அப்படி மாற்றம் இல்லை. பாடம் மாறவில்லை, இடம் யாருக்கானது என்ற எண்ணம் மட்டும் மாறியது.

ட்ரோன் விஷயத்தில் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தர வகை செய்கிறது. ஓட்டுவது பெண் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. டெல்டா வரப்பில் ஒரு அக்கா கையில் ட்ரோன் ரிமோட் இருப்பதை நூறு பிள்ளைகள் பார்த்தால், அது நூறு வழிகாட்டுதல் கூட்டத்துக்கு மேல் என்று நான் நினைக்கிறேன்.

## எந்தக் கதவு வழியாக?

ஆர்வத்தைச் சேர்க்கையாக மாற்றுவது கதவுகள். தமிழ்நாட்டில் அவை மூன்று.

1. பிளஸ் ஒன் குரூப். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூனில் எடுக்கும் முடிவு. மேத்ஸ் இருக்கும் குரூப்பில் சேராவிட்டால் பொறியியல் அநேகமாக அங்கேயே முடிந்தது. சேர்க்கை நடக்கும் அறையில் கவனித்துப் பாருங்கள். பையனிடம் "என்னடா, என்ன குரூப் வேணும்?" என்பார்கள். பெண்ணிடம் "அப்பா என்ன சொல்றாரு?" என்பார்கள். கேட்பவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. கிராமத்துப் பள்ளி பலவற்றில் எல்லா குரூப்பும் இருக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வேண்டுமென்றால் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். பையன் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போவான். பெண்ணை "இங்க இருக்கறதையே எடு" என்பார்கள்.

2. பொறியியல் கலந்தாய்வு. 2007-08 முதல் தமிழ்நாட்டில் மாநில அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். ஆண்டு முழுக்க ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு இந்த முறை சாதகம். அதில் மாணவிகள் முன்னால் நிற்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடஒதுக்கீடும் சேர்ந்தது.

3. ஜே.இ.இ. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போகும் வழி. திருச்சி என்.ஐ.டி. தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில்தான் இருக்கிறது. டெல்டாப் பிள்ளைகள் பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகும் கட்டடம். ஆனால் உள்ளே போக இரண்டு ஆண்டு கோச்சிங் வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் பணமும் நகரத்தில் விடுதியும் வேண்டும். ஒரு வீட்டில் அந்தப் பணம் ஒரு பிள்ளைக்குத்தான் இருக்கிறது என்றால் அது யாருக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது கதவில் நடந்த ஒரு மாற்றம் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று. 2016-ஐ ஒட்டி ஐ.ஐ.டி. இளநிலைப் படிப்புகளில் பெண்கள் 8 சதவீதம்தான் இருந்தார்கள். 2018-இல் இருக்கிற இடங்களைக் குறைக்காமல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் விகிதம் 20-ஐத் தொட்டது. என்.ஐ.டி.களிலும் இதே ஏற்பாடு வந்தது. அந்த இரண்டு மூன்று ஆண்டில் நாடு முழுக்கப் பதினேழு வயதுப் பெண்களின் மனது மாறிவிட்டதா? இல்லை. கதவின் அகலம் மாறியது.

## போன் யார் கையில்?

பதின்ம வயதுத் தொழில்நுட்ப ஆர்வத்தின் முதல் பள்ளி இப்போது போன். ஏசர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வு 2023-இல் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள்; தமிழ்நாட்டிலிருந்து கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள பெரம்பலூர் மாவட்டம். நாடு தழுவிய முடிவு இது: ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்த போன் வைத்திருக்கும் பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். பிளஸ் ஒன்னிலும் அதற்கு மேலும் அறிவியல் பிரிவில் படிப்பவர்கள் பையன்களில் 36.3, பெண்களில் 28.1 சதவீதம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டது. தமிழ்நாட்டில் ஆண்களில் சுமார் 70 சதவீதம், பெண்களில் சுமார் 47 சதவீதம் ஆம் என்றார்கள்.

சொந்த போன் இருப்பதற்கும் அம்மாவின் போனை அரை மணி நேரம் வாங்கிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் பெரிது. சொந்த போனில் ஒருவன் கேம் ஏற்றுவான், அழிப்பான், செட்டிங்ஸை நோண்டுவான், கெடுத்துவிட்டு யூடியூப் பார்த்துச் சரிசெய்வான். அந்த நோண்டுதலில்தான் "எனக்கு இது வரும்" என்ற தைரியம் வருகிறது. இரவல் போனில் யாரும் நோண்ட மாட்டார்கள். வீட்டுப்பாடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பள்ளி லேபிலும் இதன் தொடர்ச்சி உண்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் என்றால் ஒருவர் கையில் மவுஸ், ஒருவர் திரையைப் பார்க்கிறார், ஒருவர் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார். கலப்புப் பள்ளியில் மவுஸ் யார் கையில், நோட்டு யார் கையில் என்று ஒரு வாரம் கவனித்தால் எந்த ஆசிரியருக்கும் விஷயம் தெரிந்துவிடும். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் பைத்தான் பாடம் இருக்கிறது. அதைக் கையால் நோட்டில் எழுதிப் பழகி 70-க்கு 68 வாங்க முடியும். தானாக ஒரு ப்ரோகிராம் எழுதி ஓடவைத்த அனுபவம் அதில் கிடைக்காது.

அப்புறம் பஸ். அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் படிப்புக்குப் போய்வரும் பெண்கள் எவ்வளவோ பேர். ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் எட்டரைக்குத்தான் அடுத்தது என்ற ஊர்களில் மாலைச் சிறப்பு வகுப்போ ரோபோட்டிக்ஸ் பயிற்சியோ வைத்தால், யார் முதலில் எழுந்து போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் ஆசிரியர் பதிவேட்டில் அது "ஆர்வமில்லை" என்று ஆகிவிடுகிறது.

## பையன்கள் எங்கே போகிறார்கள்?

இந்தப் பேச்சில் பையன்களை விட்டுவிடுவது வழக்கம். விடக் கூடாது.

எதிர்பார்ப்புக் கேள்வியில் பையன்கள் தொழில்நுட்பத்தை அதிகம் சொல்கிறார்கள். ஆனால் தேர்ச்சியிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் தமிழ்நாட்டில் அவர்கள் பின்தங்குகிறார்கள். காரணம் டெல்டாவில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, முத்துப்பேட்டை பக்கம் ஊருக்குப் பத்து வீட்டில் சிங்கப்பூரோ வளைகுடாவோ போன ஆள் இருப்பார். ஐ.டி.ஐ. வெல்டர், ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், டிப்ளமோ மெக்கானிக்கல். சீக்கிரம் முடிக்கலாம், சீக்கிரம் சம்பாதிக்கலாம். அக்கா கல்யாணக் கடனும் மேட்டூர் அணை திறக்கும் தேதியை நம்பிய விவசாயமும் இருக்கும் வீட்டில் பதினெட்டு வயதுப் பையனிடம் நான்கு ஆண்டு பொறுமையை எதிர்பார்ப்பது கஷ்டம். பெண்ணை வீடு தடுத்து நிறுத்துகிறது என்றால், பையனை வீடு முன்னே தள்ளுகிறது. இருவருக்கும் ஆர்வத்தைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. உயர்கல்வி சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. புதுமைப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு டெல்டாப் பெயர் உண்டு. மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்து, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ராமாமிர்தம் அம்மையார். அவர் பெயரில் முன்பு திருமண நிதியுதவித் திட்டம் இருந்தது. அதுதான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்குத் தங்கமும் கல்யாணச் செலவுக்குப் பணமும் தந்த திட்டம், அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே படிப்புக் காலம் முழுக்கப் பணம் அனுப்பும் திட்டமானது. ஆர்வம் என்று நாம் பேசும் விஷயத்தை அசைக்க இப்படிப்பட்ட மாற்றங்களால்தான் முடியும்.

## பிறவி வித்தியாசம் எதுவுமே இல்லையா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. ஆர்வப் பட்டியல்களை வைத்து நடத்திய பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சராசரியாக ஆண்கள் பொருள்கள், கருவிகள் பக்கமும் பெண்கள் மனிதர்களோடு பழகும் வேலைகள் பக்கமும் சாய்கிறார்கள் என்று காட்டியது. அந்த வித்தியாசம் சிறியதும் இல்லை. ஆனால் அது எவ்வளவு பிறவி, எவ்வளவு வளர்ப்பு என்று அந்த ஆய்வு பிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை கருவி வேலையா மனித வேலையா என்பதையும் ஒவ்வொரு சமூகமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. நம் ஊரில் அது ஆசிரியர் வேலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது, பெண்கள் வந்தார்கள். அமெரிக்காவில் அது இரவெல்லாம் தனியாக உட்கார்ந்து கருவி நோண்டும் இளைஞனின் வேலையாகச் சித்திரிக்கப்பட்டது, பெண்கள் விலகினார்கள்.

இன்னொரு விளக்கமும் கவனிக்கத்தக்கது. 2019-இல் பிசா தரவுகளை வைத்து இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது: கணக்கில் சமமாக இருக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் எடுத்தால், பெண் பொதுவாக வாசிப்பில் கூடுதல் மதிப்பெண் வைத்திருப்பாள். கணக்கில் 92 எடுத்த பையனுக்குத் தமிழில் 70 என்றால் கணக்குதான் அவன் பலம் என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்கில் அதே 92 எடுத்த பெண்ணுக்குத் தமிழில் 97, உயிரியலில் 96 என்றால் கணக்கு அவளுடைய மூன்றாவது பாடம். அவள் வேறு பக்கம் திரும்புவது கணக்கு வராததால் இல்லை, எல்லாம் வருவதால்.

## விளைவுகள் என்ன?

டெல்டாவைப் பொறுத்தவரை இடைவெளி ஆர்வத்தில் தொடங்கி வேலையில் முடிவதில்லை. ஆர்வமும் சேர்க்கையும் ஓரளவு இருக்கின்றன. வேலைக்குப் போகும் இடத்தில்தான் பள்ளம். கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு, "சென்னைன்னா சரி, பெங்களூர் வேண்டாம்" என்பதில் ஆரம்பித்து, "வரன் பாத்துக்கிட்டிருக்கோம்" என்பதில் முடிகிறது. தஞ்சாவூரிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டபோது இதே கிராமங்களில் கொல்லைப்புற அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பெண்கள் முழுநேரமும் வேலை பார்த்தார்கள். அலுவலகம் திரும்ப அழைத்தபோது நின்றுபோனது வேலைமேல் இருந்த விருப்பம் இல்லை.

அதனால் வேலையைப் பக்கத்தில் கொண்டுவருவது பெரிய விஷயம். திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பர் 23-இல் மினி டைடல் பூங்கா என்ற ஐ.டி. அலுவலக வளாகம் திறக்கப்பட்டது, சுமார் 55,000 சதுர அடி. டெல்டா 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தில் வந்தது. அந்தச் சட்டம் தடுப்பது புதிய உருக்காலைகள், தோல் தொழிற்சாலைகள், புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்றவற்றைத்தான். மென்பொருள் அலுவலகத்துக்கு அதில் தடை கிடையாது. நெல் வயலைக் கெடுக்காமல் இங்கே வளரக்கூடிய மிகச் சில தொழில்களில் இது ஒன்று.

கவலைப்பட வேண்டிய விளைவும் இருக்கிறது. "பாதுகாப்பான படிப்பு" என்று நாம் பெண்களை அனுப்பிய டெஸ்டிங், சப்போர்ட், தரவு உள்ளீடு போன்ற தொடக்கநிலை வேலைகளைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் தொடுகிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ட்ரோன் பராமரிப்பு, சோலார் பம்பு என்று மற்ற தொழில்நுட்பங்களிலிருந்து பெண்களை ஒதுக்கி வைத்தது நாளைக்கு அவர்களுக்கு இருக்கும் வழிகளையும் குறைத்துவிடும்.

இனிப் பள்ளிகளும் அரசும் செய்யக்கூடியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பொறியியல் கலந்தாய்வின் முழு விவரமும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கையில் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, மாவட்டம், பாலினம், கட்-ஆஃப், தேர்ந்தெடுத்த கல்லூரி, பிரிவு ஆகியவற்றை மட்டும் பொதுவில் வைத்தால் போதும். நாகப்பட்டினத்தில் 185 கட்-ஆஃப் வைத்திருந்த மாணவர்கள் எத்தனை பேர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள், அதே 185 வைத்திருந்த மாணவிகள் எத்தனை பேர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் கல்லூரியை எடுத்தார்கள் என்று அப்போது தெரியும்.